யாருடைய கோடு அது

சந்தனம் சூடாகிற வாசனை அறை முழுக்க நிற்கிறது. கூடவே தூசி கருகும் நெடி. என் மேசைமேல் இருக்கும் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. நாம் செய்த பெட்டி. மின்சாரம் கொடுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது, அதற்குள் மூடி சூடேறிவிட்டது. முன்பக்கம் முழுவதும் சந்தனமும் குங்குமமும். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஒரு பொட்டு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அப்பி, காய்ந்து, வெடித்துக் கிடக்கிறது. எண் பொறித்த தகடு அதற்கு அடியில் எங்கேயோ இருக்க வேண்டும்.

நீ கடைசியாகப் படுத்திருந்த நர்சிங் ஹோமிலிருந்து வந்திருக்கிறது. அப்போது கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டிருந்ததை இப்போது கொடுத்துப் புதியது வாங்கிக்கொண்டார்களாம். உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழித்துக்கட்டச் சொல்லி என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். நேற்று மாலை வந்து இறங்கியது. இன்றைக்கு வேறு யாரும் வருவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

இந்தப் பெட்டிக்குத் திரை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஒரு கேபிளைச் செருகி என் கம்ப்யூட்டரோடு இணைத்து, அணைத்துத் திரும்பப் போட்டால், எழுந்திருக்கும்போது இரண்டு மூன்று வரி பேசும். அந்த வரிகள் போதும். நீ போன அன்று திரையில் உன் பெயருக்குக் கீழே ஓடிய கோடு உன்னுடையதா, வேறு யாருடையதாவதா என்று தெரிந்துவிடும். இத்தனை வருஷமாக என்னைக் குடைகிற கேள்வி அது ஒன்றுதான். கேபிள் கையில் இருக்கிறது. செருகத் தைரியம் வரவில்லை. அதற்கு முன்னால் உன்னோடு பேசிவிடுகிறேன்.

பீன்யா தொழிற்பேட்டையில் நம் கம்பெனி இருந்த மாடி நினைவிருக்கிறதா? கீழே லேத் பட்டறை. லேத் ஓடினால் நம் மேசையும் ஓடும். நான் ஆரணியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, எல்லாரையும் மேடம், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம். நீ ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னாத்துக்கு மேடம் கீடம்? வாடி போடின்னே கூப்புடு. இல்லன்னா நானும் உன்னை மேடம் மேடம்னு கூப்ட்டு உயிரை எடுப்பேன்."

எடுத்தும் காட்டினாய். அந்த வாரம் முழுக்க கேன்டீனில் எல்லார் எதிரிலும் என்னை மேடம் என்று அழைத்து, மோர் கிளாஸை இரண்டு கையாலும் நீட்டினாய். அதற்குப் பிறகு எனக்கு வாய் தானாகவே 'டி' போட ஆரம்பித்தது.

பெட்டியின் வேலை எளிமையானது. வார்டில் ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் நோயாளியின் இருதயத் துடிப்பு ஒயர் வழியாக அதற்குள் வரும். பெட்டி அதைச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் கட்டில் எண்ணைப் போட்டு, நெட்வொர்க் கம்பியில் அனுப்பும். மறுமுனையில், நர்ஸ் உட்காரும் மேசையில் ஒரு பெரிய திரை. அதில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடும். கட்டிலுக்குக் கட்டில் தனித் திரை கிடையாது. அதனால்தான் நம் சாமான் மலிவு. அதனால்தான் சின்ன ஆஸ்பத்திரிகள் விரும்பி வாங்கின.

கட்டில்கள் கூடக் கூடக் கோடு திக்க ஆரம்பித்தது. ஓடும், நிற்கும், பிறகு ஒரேயடியாகத் தாவும். டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். எங்கே நேரம் போகிறது என்று நீதான் நாள் கணக்காக உட்கார்ந்து பார்த்தாய். எல்லா நேரமும் நகல் எடுப்பதில் போய்க்கொண்டிருந்தது. ஒயரில் வந்த துடிப்பை நம் புரோகிராம் தன் இடத்தில் ஒரு முறை எழுதிக்கொள்ளும். அனுப்பு என்று சொன்னதும் கெர்னல், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து மெமரியையும் கம்பியையும் பங்கு போடுகிற அந்த மென்பொருள், தன் இடத்தில் இன்னொரு முறை எழுதிக்கொள்ளும். பிறகு நெட்வொர்க் கார்டுக்காக மறுபடியும் ஒரு முறை. ஒரே துடிப்பை மாற்றி மாற்றி எழுதியே அந்தச் சின்னப் பிராசஸர் களைத்துப்போனது.

"எங்க தெருவுல தண்ணி வந்தா, எங்கம்மா குழாய்லேந்து குடத்துல புடிப்பாங்க, குடத்துலேந்து டிரம்முல ஊத்துவாங்க, டிரம்முலேந்து பக்கெட்டுல மொள்ளுவாங்க. பாதி நாளு இதுலயே போயிடும்" என்றாய். "நேரா பக்கெட்டைக் குழாய்க்குக் கீழ வெச்சா இன்னா?"

"வெச்சா, தண்ணி நிக்கற வரைக்கும் பக்கெட்டை எடுக்க முடியாதேடி" என்றேன்.

"எடுக்காத. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று நீ சொன்ன அந்தச் சின்ன விஷயத்துக்குள்தான் பின்னால் வந்தது எல்லாம் ஒளிந்திருந்தது. அப்போது நான் சிரித்தேன்.

நீ செய்தது அழகான வேலை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். துடிப்பு வந்து விழும் மெமரிப் பக்கத்தை யாரும் நகல் எடுக்க வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று கார்டுக்கு முகவரி மட்டும் சொன்னால் போதும். கார்டு தானே போய்ப் படித்துக் கம்பியில் அனுப்பிவிடும். கட்டில் எண் கொண்ட தலைப்பு மட்டும் தனியாக ஒரு சின்ன இடத்தில் இருக்கும். கம்பியில் ஏறும்போது கார்டு தலையையும் உடலையும் சேர்த்துவிடும். ஒரே ஒரு விதி. "அனுப்பி முடித்துவிட்டேன்" என்று கார்டு சொல்லும்வரை அந்தப் பக்கத்தில் வேறு எதையும் எழுதக் கூடாது.

அந்த வருஷ ஆயுத பூஜையில்தான் அந்த விதிக்குப் பெயர் கிடைத்தது. கீழே லேத்துக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மேலே நம் கீபோர்டு, சால்டரிங் அயர்ன், மேனேஜர் மூர்த்தி சாரின் கால்குலேட்டர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. எதற்கோ ஒரு ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டு நீ கையை நீட்டினாய். பூஜைக்கு வைத்ததைத் தொடாதே என்று மூர்த்தி சார் கன்னடத்தில் அலறிவிட்டார். "ஏய், பூஜேகே இட்டிதே, முட்டபேடம்மா. நாளைக்கு எடுக்கலாம்."

விடுமுறை முடிந்து வந்ததும் நீ கெர்னலில் அந்த அடையாளத்துக்குப் பூஜை என்று பெயர் வைத்தாய். ஒரு பக்கம் கார்டின் கையில் இருந்தால் அது பூஜையில் இருக்கிறது. முடிந்தது என்று கார்டு சொன்னால்தான் எடுக்கலாம். அதற்குப் பிறகு நம் பேச்சே மாறிவிட்டது. "எத்தனை பக்கம் பூஜைல இருக்கு?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்துவாய். புதிதாகச் சேர்ந்தவர்கள் இது என்ன கம்பெனி என்று விழிப்பார்கள்.

இன்னொரு காரியமும் செய்தோம். அனுப்புவதற்கு முன் பாக்கெட்டில் உள்ளதை எல்லாம் கூட்டிப் பார்த்து ஒரு சரிபார்ப்பு எண் போடுவது வழக்கம். கூட்டுவதும் முழுவதையும் ஒரு தடவை தொடுவதுதானே என்று அதையும் நிறுத்தினோம். கார்டு அனுப்பும்போது தானாகவே ஒரு முத்திரை வைக்கிறது, அது போதும் என்று பேசிக்கொண்டோம். ஆனால் கார்டு, தன் வழியாகப் போவது எதுவோ அதற்கு முத்திரை வைக்கும். உள்ளே இருப்பது யாருடைய துடிப்பு என்று அதற்குத் தெரியாது.

கோடு திக்காமல் ஓடியது. மூர்த்தி சார் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஒரு நாள், வாங்க வந்தவர்கள் எதிரிலேயே பெட்டி உறைந்துபோனது. யாரோ கால் இடறி நெட்வொர்க் கேபிள் கழன்றுவிட்டது. கார்டு முடிந்தது என்று சொல்லவே இல்லை. எல்லாப் பக்கமும் பூஜையில் மாட்டிக்கொண்டு, புதுத் துடிப்பை வாங்க இடம் இல்லாமல் பெட்டி அப்படியே நின்றது. வந்தவர்கள் போன பிறகு மூர்த்தி சார் நம் மேசைக்கு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்மா, பூஜாரி வரலைன்னா என்ன பண்றது? அப்டியே உக்காந்துகிட்டே இருக்கறதா? கொஞ்ச நேரம் பாத்துட்டு எடுத்துக்கணும்."

நீயும் அப்படியே எழுதினாய். கார்டு கொஞ்ச நேரத்துக்குள் சொல்லாவிட்டால், இனிமேல் சொல்லப்போவதில்லை என்று எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திரும்ப வாங்கிவிடு. நம் மாடியில் கார்டு ஒரு நாளும் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தொட்டதுகூட இல்லை. நம் இருவருக்குமே அது சரி என்றுதான் பட்டது.

நம் பெட்டி மாட்டியிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் நாம் போனது வேறு எதற்கோ. ஒரு ஒயர் முனை ஆடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். காலை நேரம். வார்டில் டெட்டால் வாசனையும் சட்னி வாசனையும் சேர்ந்து அடித்தது. நீ பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரையில் அலாரம் அடித்தது. ஆறாம் கட்டிலின் பெயருக்குக் கீழே கோடு படுத்துவிட்டது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஒரு நேர்கோடு.

சிஸ்டர் ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். ஆறாம் கட்டிலில் ஒரு பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, கையில் பிட்ட இட்லியோடு, என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார்: "ஏனாயித்து சிஸ்டர்?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "உங்க மிஷின் இவரைச் சாகடிச்சிடுச்சு" என்று சிஸ்டர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குள் திரையில் கோடு சரியாகிவிட்டது.

நீ சிரிக்கவில்லை. தரையிலிருந்து எழுந்து, வெளுத்துப்போன முகத்தோடு என் கையைப் பிடித்தாய்.

"இவருது இல்லன்னா, அந்தக் கோடு யாருது?"

எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பெட்டி எந்தக் கோட்டையும் தானாக வரைவதில்லை. அது காட்டிய நேர்கோடு எங்கேயோ ஒரு கட்டிலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்தக் கட்டிலில் இருப்பவரின் பெயருக்குக் கீழே அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்ததோ, யாருக்குத் தெரியும்?

நீ கட்டில் கட்டிலாக ஓடினாய். நோயாளிகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனாய். உனக்கு நாடி பார்க்கத் தெரியாது. கடைசிக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள். உடம்பு துடைப்பதற்காக ஆயா அவரைப் புரட்டியபோது மார்பில் ஒட்டியிருந்த ஒயர் கழன்றுபோயிருந்தது. நேர்கோடு அங்கிருந்து வந்தது. நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஆயா ஒயரை ஒட்டிவிட்டுப் போன பிறகும் விடவில்லை.

"இருக்கு" என்றாய், யாரிடம் என்று இல்லாமல். "இருக்கு, இருக்கு."

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. கழன்றது ஒயர்தான். ஆனால் அந்த அம்மாளுக்கு உண்மையாகவே இருதயம் நின்றிருந்தால், அவர் பெயருக்குக் கீழே வேறு யாருடைய நல்ல கோடோ ஓடிக்கொண்டிருந்திருக்கும், யாரும் எழுந்துகூடப் போயிருக்க மாட்டார்கள்.

காரணத்தைப் பிடிக்க நாளானது. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. காலையில் கீழே பில் கவுன்ட்டர்கள் திறந்ததும் அத்தனை கம்ப்யூட்டர்களும் அதே கம்பியில் ஏறும். நம் கார்டு தன் முறைக்குக் காத்துக்கொண்டே இருக்கும். நாம் வைத்த கொஞ்ச நேரம் முடிந்துவிடும். கெர்னல் பக்கத்தைப் பூஜையிலிருந்து எடுத்து இன்னொரு கட்டிலின் துடிப்பை அதில் எழுதிவிடும். அப்போதுதான் கார்டுக்கு வழி கிடைக்கும். ஆறாம் கட்டிலின் தலைப்போடு கடைசிக் கட்டிலின் துடிப்பைச் சேர்த்து, சரியான முத்திரை வைத்து அனுப்பிவைக்கும். எங்கேயும் ஒரு பிழைச் செய்தி வராது.

திருத்தம் சின்னதுதான். கார்டு சொல்லவில்லை என்றால் பக்கத்தை எடுக்காதே. முதலில் கார்டை நிறுத்து. அது கையை எடுத்துவிட்டது என்று நிச்சயமான பிறகு எடு. எழுதி முடித்ததும் நீ அதோடு நிற்கவில்லை. திருத்திய பெட்டி எழுந்திருக்கும்போது பேசும் வரிகளில் உன் வரி ஒன்றையும் சேர்த்தாய். ஆங்கில எழுத்தில் நம் பேச்சு. "பூஜை முடியாம எடுக்காதே." எது திருத்திய பெட்டி, எது பழையது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட சர்வீஸ் விசிட்டுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் மூர்த்தி சார். "எதுக்கு வீணா பயமுறுத்தறது?"

நீ அவரை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் திருத்தத்தை ஏற்றிய ஃப்ளாப்பியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாய். நாம் ஊர் ஊராக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மாற்றினோம். துமகூரில் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றோமே, நினைவிருக்கிறதா? அப்போதும் ஃப்ளாப்பி நனையாமல் இருக்க அதைத் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்திருந்தாய்.

ஒரு பெட்டி மட்டும் கிடைக்கவில்லை. ஒரு டீலர் சோதனைக்கென்று எடுத்துக்கொண்டு போனது. எங்கே வைத்தான் என்று கேட்கப் போனால் கடையே இல்லை, மூடிவிட்டுப் போயிருந்தான். மூர்த்தி சார் அதை விட்டுவிடச் சொன்னார். நீ விடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எவராவது ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் பிரசவம் என்று சொன்னால், குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால், அங்கே சாம்பல் கலர் பெட்டி இருந்ததா என்று கேட்பாய். ஜனங்கள் உன்னை ஒருமாதிரி பார்ப்பார்கள். எனக்கு அதில் எரிச்சலும் வந்திருக்கிறது.

"சும்னே இருடி, அது எப்பவோ கெட்டுப்போயிருக்கும்" என்று ஒருநாள் சொன்னேன்.

"நம்ம பெட்டி கெட்டுப்போகாது. அதான் பயமா இருக்கு" என்றாய்.

வருஷங்கள் போயின. கம்பெனி பெரிதானது. நான் அங்கேயே இருந்தேன். நீ வேறு கம்பெனிக்குப் போனாய். நாம் பார்ப்பது குறைந்தது, ஃபோனில் திட்டிக்கொள்வது குறையவில்லை. ஒரு காய்ச்சல் வந்து போனதற்குப் பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயத்தின் தசையே பலவீனமாகிவிட்டது என்றார்கள். உன் வீட்டுக்குப் பக்கத்தில், உன் அம்மாவுக்குத் தெரிந்த டாக்டரின் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். நான் மறுநாள் வந்தேன். உன் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் சொல்லும்மா, பேசாம படுத்திருக்கச் சொல்லு, எழுந்து எழுந்து சுவத்தையே பாக்கறா" என்றார்.

நீ பார்த்துக்கொண்டிருந்த சுவரில் அது இருந்தது. நர்ஸ் மேசைக்கு மேலே, சந்தனமும் குங்குமமும் அப்பிய சாம்பல் நிறப் பெட்டி. நாம் வந்து மாற்றிய இடங்களில் அந்த நர்சிங் ஹோம் இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும்.

"நம்மளுது" என்றாய். உதடு காய்ந்திருந்தது. "நம்பரைப் பாத்துட்டு வா."

போனேன். தகடு இருக்க வேண்டிய இடத்தில்தான் பொட்டு மிகவும் தடித்திருந்தது. நகத்தால் சுரண்டப் போனேன். சிஸ்டர் பாய்ந்து வந்தார். "மேடம், பூஜை போட்டது. தொடாதீங்க." திரும்பி வந்து உன்னிடம் அதை அப்படியே சொன்னேன். நீ இருமல் வரும்வரை சிரித்தாய். நானும் சிரித்தேன்.

டாக்டரிடம் பேசினேன். உன்னை வேறு இடத்துக்கு மாற்ற முடியாது, வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்றார். பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்றேன். மற்றக் கட்டில்களின் கோடும் அந்த நேரம் நின்றுபோகுமே, யார் பொறுப்பு என்றார். புதியது ஒன்றைக் கொண்டுவந்து இலவசமாகவே மாட்டித் தருகிறேன் என்றேன். "இத்தனை வருஷமா ஓடுதும்மா, ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. சரி, திங்கக்கிழமை பாக்கலாம்" என்றார். நீ திங்கட்கிழமை வரைக்கும் இருக்கவில்லை.

"அந்தத் திரையைப் பாக்காத" என்று என்னிடம் சொன்னாய். "என் கையைப் புடிச்சிக்கோ. விரல் சொல்றதை நம்பு."

அதற்குப் பிறகு நான் வந்தபோதெல்லாம் உன் மணிக்கட்டில்தான் என் விரல் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதும், உன் அம்மா வீட்டுக்குப் போய்வரும் நேரத்திலும், நீ தூங்கும்போதும். காலை வேளை வந்தால் இன்னும் அழுத்திப் பிடிப்பேன். கீழே பில் கவுன்ட்டரில் ஷட்டர் தூக்குகிற சத்தம் மாடிவரை கேட்கும்.

அன்றைக்கும் கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். என் விரலுக்கு அடியில் துடிப்பு தடுமாறியது, மெலிந்தது, பிறகு இல்லை. அழுத்திப் பார்த்தேன். இடம் மாற்றிப் பார்த்தேன். இல்லை. திரும்பித் திரையைப் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், இவளுக்கு நாடி இல்ல" என்று கத்தினேன்.

அவர் திரையைப் பார்த்தார். "கோடு ஓடுது மேடம். பயப்படாதீங்க."

"அது அவ கோடு இல்ல. வேற யாருதோ. அது அவ கோடே இல்ல."

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். ஆனாலும் வந்தார். கழுத்தில் கை வைத்தார். முகம் மாறியது. டாக்டர் ஓடி வந்தார். மார்பை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள், என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் உன் கையை விடவில்லை, அவர்கள்தான் என் விரல்களைப் பிரித்து எடுத்தார்கள். நீ திரும்பி வரவில்லை.

டாக்டர் பிறகு என்னிடம் வந்தார். "நாடி நின்ன பிறகும் சில பேருக்குக் கோடு கொஞ்ச நேரம் ஓடும்மா. மின்சாரம் இருக்கும், இருதயம் அடிக்காது. மிஷின் பொய் சொல்லல" என்றார். நர்சிங் ஹோமைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. உன் அம்மா என் தோளில் சாய்ந்து, "கோடு நல்லாத்தானே ஓடிச்சு, அப்புறம் ஏம்மா போயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என்ன பதில் சொல்வேன்? உங்கள் மகள் எழுதியதே அவளுக்கு எமனாக வந்தது என்றா?

அன்றிலிருந்து இன்றைக்குவரை, உள்ளே குடைந்தாலும், அப்படித்தான் நம்பியிருக்கிறேன். காணாமல் போன பெட்டி அங்கே இருந்தது, உன் பெயரில் வேறு யாருடைய கோட்டையோ காட்டியது. இதில் ஒரு கேவலமான நிம்மதியும் இருந்தது என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேடிய பெட்டி கிடைத்துவிட்டது, நான் போட்ட சத்தத்தில் அந்த வாரமே அதைக் கழற்றி, என்னிடமும் தராமல் ஸ்டோர் ரூமில் பூட்டிவிட்டார்கள், இனி வேறு யாருக்கும் ஆபத்து இல்லை என்று ஒரு நிம்மதி. கல்யாண வீடுகளில் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

சரி. செருகிவிட்டேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

முதல் வரியில் கம்பெனி பெயர் வந்தது. இரண்டாவதில் மெமரி எவ்வளவு என்று. மூன்றாவதில் நீ வந்தாய். "பூஜை முடியாம எடுக்காதே."

எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வந்து மறுபடி பார்த்தேன். அதே வரிதான். நம் கையால், நம் ஃப்ளாப்பியால் திருத்திய பெட்டி. ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி பழையது என்று விற்றதை இவர்கள் வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் அது உன் கோடுதான். டாக்டர் சொன்னது சத்தியம். என் விரலுக்கு நீ கிடைக்காமல் போன பிறகும், கொஞ்ச நேரம் நீ அந்தத் திரையில் இருந்தாய். உன்னைக் கையில் பிடித்துக்கொண்டே, உன்னைச் சுட்டிக்காட்டி, அது அவள் இல்லை என்று நான் கத்தியிருக்கிறேன். உன் அம்மா இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லியிருப்பேன். உங்க பொண்ணு எழுதினது சரியாத்தான் இருந்துதும்மா, கடைசிவரைக்கும் சரியாத்தான் இருந்துது என்று.

அழுது முடித்துவிட்டேன். நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த விரல்தான். யாரைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் மணிக்கட்டைத் தொடுகிறேன், பிறகுதான் மற்றது எல்லாம். என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். இன்றிலிருந்து உன் இன்னொரு வழக்கமும் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே சாம்பல் கலர் பெட்டி இருந்ததா என்று இனி நான்தான் கேட்க வேண்டும்.

ஏனென்றால் இது அந்தப் பெட்டி இல்லை. அது இன்னும் எங்கேயோ ஒரு சுவரில் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கும் யாரோ அதைத் துடைத்துப் பொட்டு வைத்திருப்பார்கள். மணி எட்டாகப் போகிறது. ஆஸ்பத்திரிகளில் பில் கவுன்ட்டர்கள் திறக்கிற நேரம்.